நீலகிரியில் ஆறு நாள்: எந்த அயல்செடி முதலில்?

ஜனவரி 21, செவ்வாய். மசினகுடி

காலை ஏழு மணிக்குக் குளிரில் காதை மூடிக்கொண்டு நிற்க வைத்த ஊர், பத்தரைக்கெல்லாம் நிழல் தேட வைத்தது. மசினகுடி மழைமறைவுப் பகுதி. மேற்கே கூடலூரில் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழை இங்கே வந்து சேர்வதற்குள் வற்றிவிடும். பேருந்து நிறுத்தத்துக்கு எதிர்க் கடையில் டீ 15 ரூபாய், முட்டை தோசை 40. கடைக்கார அக்கா கயிற்றையும் அளவு நாடாவையும் பார்த்துவிட்டு, "நெலம் அளக்க வந்தீங்களா சார்?" என்று கேட்டார். செடி கணக்கு என்றதும், "உண்ணிச்செடியா? அதை எண்ணி முடிக்க ஆயுசு பத்தாதே!" என்றார்.

அவர் சொன்னதில்தான் இந்தப் பயணத்தின் கேள்வியே இருந்தது. எங்கு பார்த்தாலும் தெரிகிற செடிதான் மிக ஆபத்தான செடியா? கையிலிருந்த பட்டியலில் வெளிநாட்டிலிருந்து வந்து இந்த மலையில் பரவும் ஆறு செடிகளின் பெயர்கள், பரப்பளவை மட்டும் வைத்து எழுதிய வரிசையில்: உண்ணிச்செடி, சீமைக்கருவேலம், சீகை (வாட்டில் மரம்), மஞ்சக்கொன்னை, மைக்கானியா, கோர்ஸ். ஊர் திரும்பும்போது இந்த வரிசையில் முதலில் இருந்தது கடைசிக்குப் போயிருந்தது.

உண்ணிச்செடி அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி. 1800களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. இன்று நாட்டின் புலிகள் வாழும் காடுகளில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அது புகுந்திருப்பதாக 2020இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. முதுமலையில் இந்திய அறிவியல் கழகம் 1988 முதல் கவனித்துவரும் 50 எக்டேர் நிலையான ஆய்வுத் திடலிலும் அது பெருகியது பதிவாகியிருக்கிறது.

அளக்கும் முறை எளிது. 50 மீட்டர் கயிறு, 10 மீட்டருக்கு ஒரு முடிச்சு. ஒவ்வொரு முடிச்சிலும் 1 மீட்டருக்கு 1 மீட்டர் சட்டம் வைத்து, உள்ளே செடி எவ்வளவு மூடியிருக்கிறது என்று ஐந்து படிகளில் குறிக்க வேண்டும்: 5 விழுக்காட்டுக்குக் கீழே, 5 முதல் 25, 25 முதல் 50, 50 முதல் 75, அதற்கு மேல். "சுமார் 37 விழுக்காடு" என்று எழுதுவது பொய்த் துல்லியம். இரண்டு பேர் பார்த்தால் இரண்டு எண் வரும். படிகளாகப் பிரித்தால் அந்தச் சண்டை பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது.

தவறு வருவது இரண்டு இடங்களில். கயிறு சாலையோரத்திலேயே ஓடினால் கணக்கு ஊதிப்போகும். வெளிச்சமும் கிளறிய மண்ணும் கிடைக்கிற சாலை ஓரம்தான் இந்தச் செடிகளுக்குப் பிடித்த இடம். அதனால் முதல் முடிச்சு சாலையிலிருந்து குறைந்தது 50 மீட்டர் உள்ளே இருக்க வேண்டும். அனுமதியும் வேட்டைத் தடுப்புக் காவலரும் இல்லாமல் அந்த 50 மீட்டருக்குள் அடி எடுத்துவைக்கக் கூடாது. அடுத்தது பருவம். ஜனவரியில் உண்ணி இலை உதிர்த்து, பாதி குச்சியாக நிற்கும். இலையை மட்டும் பார்த்தால் கணக்கு குறைந்துவிடும். தண்டு எங்கே ஊன்றியிருக்கிறது என்று குனிந்து பார்த்தே ஆக வேண்டும். குனிந்தவர்கள் எல்லோருடைய முன்கையிலும் கீறல்.

உடன் வந்த காவலர் அண்ணா ஒரு புதரை எடுத்துக் காட்டினார். வேரும் தண்டும் சேரும் இடத்துக்குக் கீழே, மண்ணுக்குள் 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் மண்வெட்டியால் ஒரே வெட்டு. பிறகு புதரை அப்படியே தலைகீழாகப் புரட்டிப் போட்டுவிட வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சி. ஆர். பாபு குழுவினர் உருவாக்கிய முறை இது. தரைக்கு மேலே வெட்டினால் அடுத்த மழைக்கு முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். எரித்தாலும் அடியிலிருந்து எழும். எடுத்த பிறகும் பறவைகள் வந்து அமரும் மரங்களின் அடியில் வருடாவருடம் நாற்று பிடுங்க வேண்டும், ஏனென்றால் பழம் தின்ற பறவைகள் விதைப்பது அங்கேதான்.

மாலை திரும்பியதும் எல்லோருடைய காலணியையும் பழைய பல் துலக்கியால் தேய்த்து, மண்ணை ஒரு தாளில் கொட்டினோம். விதை கணக்கு எடுக்க வந்தவர்களே விதையை மலையேற்றிவிடக் கூடாது. தினமும் இது நடக்கும்.

ஜனவரி 22, புதன். தெப்பக்காடு

யானை முகாமில் காலை உணவு நேரம். பயணிகள் கூட்டம். நாங்கள் பார்க்க வந்தது அதற்கு எதிர்த் திசையில், மஞ்சக்கொன்னை நிற்கும் காட்டை.

முதலில் பெயர்க் குழப்பம். ஊரில் மஞ்சள் கொன்றை என்றால் மூன்று மரத்தைக் காட்டுவார்கள். சரக்கொன்றை நம்முடையது: பூ சரமாகத் தொங்கும், ஒரு இலைக் காம்பில் நான்கு முதல் எட்டு இணை பெரிய சிற்றிலைகள், காய் நீண்ட கரிய குழல். சாலையோரம் நட்ட இன்னொரு கொன்றை உண்டு; அதன் சிற்றிலை நுனி மழுங்கியிருக்கும், காய் தட்டை. ஊடுருவும் மஞ்சக்கொன்னையின் சிற்றிலைகள் பெரும்பாலும் பத்து இணைக்குக் குறையாமல், நுனி கூர்மையாக இருக்கும். பூங்கொத்து மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். இந்த மாதம் பூ இல்லாததால் முதல் கயிற்றில் மூன்று மரங்கள் தவறாக ஏறிவிட்டன. இலை நுனியைத் தொட்டுப் பார்த்த பிறகே திருத்தினோம். மதிப்பீட்டின் முதல் படி அடையாளம். அதில் பிழை விழுந்தால் பின்னால் போடும் மதிப்பெண் எதற்கும் பொருளில்லை. ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு கிளையைச் செய்தித்தாளில் அழுத்தி வைப்பது இதற்காகத்தான்.

வயநாட்டுப் பக்கம் நிழலுக்கும் அழகுக்கும் நட்ட மரம் எல்லை தாண்டி வந்துவிட்டது. அதனடியில் நின்றால் நெஞ்சு அடைக்கிறது. மேலே முழு விதானம். கீழே புல் இல்லை, மானுக்குத் தின்ன ஒன்றும் இல்லை. தரையெங்கும் விரல் உயர நாற்றுகள். ஒரு சதுர மீட்டர் சட்டத்தில் எண்ணத் தொடங்கி, 60ஐத் தாண்டியதும் "60+" என்று எழுதி நகர்ந்தோம்.

வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்க்கிற மரம் இது. கேரளத்திலும் இங்கும் தேறியிருக்கும் வழி பட்டை உரிப்பு. மார்பு உயரத்திலிருந்து தரை வரை, வேர் தொடங்கும் இடம் உட்பட, பட்டையை முழுதாக உரித்துவிட வேண்டும். ஒரு வளையம் மட்டும் எடுத்தால் வளையத்துக்குக் கீழிருந்து துளிர் கிளம்பிவிடும். ஒரு கோடு பட்டை மிஞ்சினாலும் மரம் பிழைத்துக்கொள்ளும். உரித்த மரம் சாவதற்குப் பல மாதம் ஆகும். அதுவரை துளிரைக் கிள்ள ஆள் வந்துகொண்டே இருக்க வேண்டும். சிறு கன்றுகளை வேரோடு பிடுங்கலாம். மரத்தைக் காகிதக் கூழுக்கு எடுக்கும் வேலையும் நடக்கிறது. செலவைத் தாங்க அது உதவும். ஆனால் வெட்டிய கட்டையைப் பெயர்க்காமல் விட்டாலோ, காய்த்த கிளையோடு லாரியில் ஏற்றினாலோ நோயை நாமே ஊர் ஊராகக் கொண்டுபோனது போலாகும்.

மதியம் சாப்பாட்டுக் கடையில் குருமாவும் பொரோட்டாவும். மூன்று பேருக்கு 210 ரூபாய். பக்கத்து மேசையில் இருந்த லாரி ஓட்டுநர் எங்கள் காகிதக் கட்டில் இருந்த கிளையைப் பார்த்து, "இந்தப் பூ சீசன்ல பாக்கணும் சார், ரோடே தங்கமா இருக்கும்" என்றார். உண்மைதான். அழகாக இருப்பதாலேயே வெட்ட மனம் வராமல் வளர விட்ட மரங்கள் எத்தனையோ.

ஜனவரி 23, வியாழன். கூடலூர்

20 கிலோமீட்டருக்குள் காடும் காற்றும் மாறிவிட்டன. ஈரம், தேயிலை, காப்பி, பாக்கு. காலையில் புட்டும் கடலைக்கறியும் 50 ரூபாய், கூடவே சுலைமானி. பரிமாறிய பெரியவர் சில்லறை இல்லை என்று இரண்டு பழம்பொரியைத் தாளில் மடித்துத் தந்தார்.

இங்கே மைக்கானியா. இலை இதய வடிவம், கொடி எதன் மேலும் ஏறும், போர்வை போல் மூடி வெளிச்சத்தை மறைக்கும். தோட்டத்தில் ஒருவர் அரிவாளால் கொடியை வெட்டி வரப்போரம் வீசிக்கொண்டிருந்தார். தண்டின் ஒவ்வொரு கணுவும் மண்ணில் பட்டால் வேர் விடும் என்று சொன்னதும் கையை நிறுத்திவிட்டார். "அப்ப இத்தனை வருஷமா நான்தான் நட்டேனா?" என்றார். பதில் சொல்லச் சங்கடமாக இருந்தது. பூக்கும் முன்பே கொடியைச் சுருட்டி இழுத்து, வேரோடு எடுத்து, கறுப்புத் தாளின் கீழே வெயிலில் காயவைக்க வேண்டும். துரு நோய்ப் பூஞ்சை ஒன்றை 2000களின் நடுவில் அசாமிலும் கேரளத்திலும் இக்கொடி மேல் விட்டுப் பார்த்தார்கள், அது நிலைக்கவில்லை.

மாலையில் உண்ணிக் குச்சியில் செய்த யானைகள் பற்றிப் பேச்சு வந்தது. பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர், சோளகர் சமூகத்துக் கைவினைஞர்கள் இரும்புச் சட்டத்தின் மேல் உண்ணித் தண்டை வளைத்துக் கட்டிய ஆளுயர யானைகள் 2021இல் லண்டன் வரை போயின. உழைத்தவர்களுக்குக் கூலியும் பெருமையும் தருகிற வேலை. ஆனால் மதிப்பீட்டுத் தாளில் இதைக் "கட்டுப்பாடு" என்ற கட்டத்தில் எழுதக் கூடாது. தேர்ந்தெடுத்த தண்டு வெட்டப்படுகிறது. வேர் மண்ணிலேயே இருக்கிறது. பயன்பாடு வேறு, ஒழிப்பு வேறு.

ஜனவரி 24, வெள்ளி. ஊட்டி, வென்லாக் புல்வெளி

புல் நுனியெல்லாம் உறைபனி. ஆறரைக்குக் கார் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தவரிடம் டீக்கடை எங்கே என்று கேட்டதற்கு, வீட்டு வாசலிலேயே நிறுத்தி டீயும் வர்க்கியும் தந்து, காசு வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

மேல் நீலகிரியின் இயற்கை இரண்டு பகுதி: பள்ளத்தில் சோலை, மேட்டில் புல்வெளி. இந்தப் புல்வெளியைத் தரிசு என்று எண்ணிய காலத்தில் ஆஸ்திரேலியச் சீகையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டார்கள். பழனி மலையில் 40 ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாக 2018இல் வெளியான செயற்கைக்கோள் ஆய்வு காட்டியது. புல்வெளி போனால் வரையாட்டுக்கும் நீலகிரி நெட்டைக்காலிப் பறவைக்கும் போக்கிடம் இல்லை. மரம் நட்டதால் காடு கூடியது என்று இதைப் பார்த்து மகிழ்கிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சீகையில் வேலை விதைக் கிடங்கிலிருந்து தொடங்குகிறது. விதையின் தோல் கல் போன்றது. மண்ணில் பல பத்தாண்டு உறங்கும், தீயின் சூட்டில் விழிக்கும். ஒரு கையளவு மண்ணைச் சல்லடையில் அரித்தபோது கருமணி போல் ஒன்பது விதைகள். எனவே மரத்தை வெட்டிய மறுநாளே வேலை முடிந்ததாகக் கணக்குக் காட்டினால் அது பாதிக் கணக்கு. அடுத்த பல ஆண்டுகளுக்கு நாற்றுப் பிடுங்கப் பணம் ஒதுக்காத திட்டம், முன்பு ஒரு மரம் நின்ற இடத்தில் நூறு நிற்பதைத்தான் பார்க்கும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பழைய சீகைத் தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலைக் கன்றுகள் முளைத்து வருகின்றன. அவற்றை மொட்டையடித்தால் அந்தக் கன்றுகளும் போகும். முதல் வெட்டு விழ வேண்டிய இடம் தோப்பின் நடுவில் இல்லை. புல்லுக்குள் முதல் சீகைக் கன்றுகள் தனித்தனியாக எட்டிப் பார்க்கும் விளிம்பில்தான். இரண்டு பேர் ஒரு பகலில் கையால் பிடுங்கிவிடக்கூடிய வேலை அது.

அதே மேட்டில் கோர்ஸ். பிரிட்டிஷார் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்த முட்புதர். இலையே முள்ளாகியிருக்கும், மஞ்சள் பூ. இதன் உறவுக்காரச் செடி ஸ்காட்ச் புரூமும் இந்த மலையில் உண்டு. அதற்கு முள் கிடையாது, பச்சைத் தண்டு துடைப்பக் குச்சி போல் நிற்கும். கோர்ஸ் காய் வெயிலில் வெடித்து விதையைச் சில மீட்டர் தூரம் எறியும். அதைத் தாண்டி அது தானாக வெகுதூரம் போவதில்லை. சாலை வேலை வண்டியின் சக்கர மண்ணில் ஏறித்தான் போகிறது. தண்டில் எண்ணெய்ப் பசை அதிகம், தீ பட்டால் மளமளவென்று பிடிக்கும், எரிந்த பின் விதை முளைக்கும். பார்த்த திட்டுகளைச் சுற்றி நடந்து அளந்தோம். எதுவும் ஒரு எக்டேரைத் தொடவில்லை.

பிற்பகல் மூன்றுக்கு மூடுபனி இறங்கியது. பத்தடி தள்ளி நின்றவர் தெரியவில்லை. பேனா மை தாளில் ஊறி ஒரு பக்கம் முழுவதும் அழிந்தது. பென்சில்தான் இந்த ஊருக்கு.

ஜனவரி 25, சனி. ஊட்டி, அறைக்குள்

காலையிலிருந்து தூறல். வர்க்கி கிலோ 260 ரூபாய். தாள்களை விரித்து மதிப்பெண் போடும் நாள்.

உலகில் அதிகம் பயன்படும் கருவி ஆஸ்திரேலியாவின் களை ஆபத்து மதிப்பீடு. 49 கேள்விகள், மொத்தம் 6க்கு மேல் போனால் நாட்டுக்குள் விடாதே, 1க்குக் கீழே என்றால் விடலாம், இடையில் இருந்தால் மேலும் ஆராய வேண்டும். எல்லாவற்றுக்கும் விடை தெரியாவிட்டாலும் குறைந்தது 10 கேள்விக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அது வாசலில் நிற்கும் செடிக்கான கேள்வித்தாள். நம் ஆறு செடிகளும் வீட்டுக்குள் வந்து பல காலம் ஆகிவிட்டது. அதில் எல்லாமே தோற்கும், யார் முதல் என்று அது சொல்லாது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் ஐந்து படித் தாக்க அளவுகோல் உதவியது. தனிச் செடிகளோ விலங்குகளோ நலிகின்றனவா, எண்ணிக்கை குறைகிறதா, ஒரு இனம் அந்த இடத்தைவிட்டே மறைகிறதா, மறைந்தது திரும்பி வர முடியுமா என்று அது படிப்படியாகக் கேட்கிறது. சராசரி எடுப்பதில்லை; பதிவான தாக்கத்தில் மிகக் கொடியது எதுவோ அதுவே அந்தச் செடியின் படி.

எங்கள் தாளில் நான்கு கட்டம், ஒவ்வொன்றும் 1 முதல் 5. பரவும் வேகம், தாக்கம், இந்த மலையில் அது இன்னும் பிடிக்கக்கூடிய மீதி இடம், அடக்கும் வாய்ப்பு. நான்கையும் பெருக்க வேண்டும். கூட்டினால் ஒரு கட்டத்தின் பலவீனத்தை இன்னொரு கட்டம் மறைத்துவிடும். மூன்றாவது கட்டம்தான் வரிசையைப் புரட்டியது. ஏற்கெனவே பிடித்த இடம் நடந்து முடிந்த சேதம். ஆபத்து என்பது இனி நடக்கப் போவது.

மஞ்சக்கொன்னை 5, 4, 5, 4: மொத்தம் 400. சீகை 3, 5, 4, 3: 180. கோர்ஸ் 2, 4, 4, 5: 160. மைக்கானியா 4, 3, 3, 2: 72. உண்ணி 3, 4, 2, 1: வெறும் 24. சீமைக்கருவேலம் நாளைக்கு.

இரண்டு பேர் தனித்தனியே போட்டுப் பிறகு ஒப்பிட்டோம். இரண்டு எண் விலகினால் பேசிச் சமரசம் செய்யக் கூடாது. களத்தாளுக்குத் திரும்பி ஆதாரம் தேட வேண்டும். ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் உறுதி உயர்வா, நடுத்தரமா, குறைவா என்று எழுதுவதும் கட்டாயம். கடைசிச் சோதனை: ஏதாவது ஒரு எண்ணை ஒன்று கூட்டி அல்லது குறைத்துப் பார்ப்பது. மஞ்சக்கொன்னையை எப்படிக் குறைத்தாலும் 300க்குக் கீழே வரவில்லை, சீகையை எப்படிக் கூட்டினாலும் 240ஐத் தாண்டவில்லை. அதனால் முதலிடம் உறுதி. சீகையும் கோர்ஸும் இடம் மாறிக்கொண்டே இருந்தன. அவற்றைச் சமமாக வைப்பதே நேர்மை.

கோர்ஸுக்கு அடக்கும் வாய்ப்பில் முழு 5 ஏன்? கலிபோர்னியாவில் களை ஒழிப்பு வேலைகளைத் தொகுத்து 2002இல் வெளியான ஆய்வின்படி, ஒரு எக்டேருக்குள் இருக்கும் திட்டை ஒழிப்பது பெரும்பாலும் கைகூடும். 1000 எக்டேரைத் தாண்டினால் வாய்ப்பு மிகக் குறைவு. உண்ணி அந்த எல்லையை எப்போதோ கடந்துவிட்டது. அதற்காக உண்ணியை விட்டுவிடச் சொல்லவில்லை. நீர்நிலை ஓரம், யானை வழித்தடம், மான் மேயும் புல்தரை என்று இடத்தைத் தேர்ந்து அங்கே மட்டும் வேரோடு எடுத்துக் காக்க வேண்டும். மலை முழுவதும் எடுக்கிறோம் என்று பணத்தைத் தூவினால் எங்கும் மிஞ்சாது. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் ஊடுருவல் தாவரங்களுக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. அதன் பணம் எந்தச் செடிக்கு முதலில் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஜனவரி 26, ஞாயிறு. தெங்குமரஹாடா

கோத்தகிரி வழியாக இறங்கி பவானிசாகர். அனுமதி விண்ணப்பத்தில் தேதியை 27 என்று எழுதிக் கொடுத்திருந்தோம். சோதனைச் சாவடியில் ஒன்றரை மணி நேரம் காத்திருப்பு. ஒரே பேருந்து போய்விட்டது. அங்கிருந்தவர்கள் கொடியேற்றிய மிட்டாயைக் கொடுத்து, தொலைபேசியில் கேட்டு, தேதியைத் திருத்திக் கையெழுத்து வாங்கி, காய்கறி ஏற்றிய ஜீப்பில் இடமும் பிடித்துத் தந்தார்கள். ஆளுக்கு 100 ரூபாய். மாயாற்றைப் பரிசலில் கடக்க 20. பரிசல்காரர், "நடுவுல எந்திரிக்காதீங்க சாமி" என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்கரையில் வெயில் சுட்டது. வெளிமான் மேயும் திறந்த சமவெளியில் சீமைக்கருவேலம் ஓரத்திலிருந்து உள்ளே நடந்து வருகிறது. காய் இனிப்பு, மாடும் ஆடும் மானும் தின்னும். வயிற்றில் விதையின் தோல் இளகி, சாணத்தோடு விழுந்து முளைக்கும். பட்டியோரப் பழைய சாணக் குவியல்களைக் கிளறினால் ஒவ்வொன்றிலும் நாற்று. தரை மட்டத்தில் வெட்டினால் மண்ணுக்குள் இருக்கும் மொட்டுகள் துளிர்க்கும். ஒரு சாண் ஆழத்துக்காவது அடிக்கட்டையைத் தோண்டி எடுத்தால்தான் நிற்கும். நம் வன்னி மரத்தோடு குழப்பிக்கொண்டு அதை வெட்டிவிடும் ஆபத்தும் உண்டு.

விறகுக் கட்டோடு வந்த பாட்டி தாளை எட்டிப் பார்த்தார். "இதை எடுத்துட்டா அடுப்புக்கு என்னய்யா செய்வேன்?" நியாயமான கேள்வி. அடக்கும் வாய்ப்பில் 3 போடலாம் என்று இருந்ததை 2 ஆக்கினோம். மாற்று விறகு இல்லாத ஊரில் அகற்றும் வேலை நிலைக்காது. 4, 4, 3, 2: 96. கோர்ஸுக்குக் கீழே, மைக்கானியாவுக்கு மேலே.

பரிசல் துறைக்குப் பக்கத்து டீக்கடையில் கடைசியாகக் காலணி தேய்ப்பு. தாளில் விழுந்தவை: பார்த்தீனியம் விதை நான்கு, ஒரு காய்ந்த உண்ணிப் பழம், மண்ணோடு ஒட்டிய ஒரு கருமணி. வென்லாக்கில் ஒரு முறை தேய்த்த பிறகும் தப்பி வந்த சீகை அது. எண்ணிக்கையைக் களத்தாளில் எழுதிவிட்டு, தாளை மடித்துக் கடைக்காரரிடம் கொடுத்தோம். அவர் அடுப்பில் செருகினார்.